இரண்டு மருந்துச் சீட்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

மே 19 உலகக் குடல் அழற்சி நோய் நாள். மே 25 உலகத் தைராய்டு நாள். ஒரே வாரத்துக்குள் இரண்டும் வந்துவிடுகின்றன. எனக்கு இரண்டு நோயும் இருப்பதால், இந்த வாரத்தில் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேரில் சொன்னால் யாரும் கேட்பதில்லை. "இதுக்கெல்லாம் எதுக்கும்மா நன்றி" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது ஹாஷிமோட்டோ தைராய்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவதால் ஹார்மோன் குறைந்துகொண்டே போகும். அதை ஈடுகட்ட தினமும் தைராக்சின் மாத்திரை, ஆயுள் முழுக்க. சில வருடங்கள் கழித்து வந்தது அல்சரேட்டிவ் கொலைடிஸ். பெருங்குடலின் உள்தோல் வீங்கிப் புண்ணாகி, மலத்தில் ரத்தமும் சளியும் போகும். வருகிறது என்று தெரிந்தால் அடக்கவே முடியாது, அந்த நிமிடமே கழிப்பறை வேண்டும். அடங்கியிருக்கும் மாதங்களும் உண்டு, திடீரென்று சீறிக் கிளம்பும் வாரங்களும் உண்டு.

இந்த இரண்டும் தனித்தனியாக இருந்தால் ஓரளவு பழகிவிடும். ஒரே உடம்பில் சேரும்போதுதான் குழப்பம். அசதி, முடி கொட்டுவது, ரத்தசோகை, எடை ஏறி இறங்குவது எல்லாமே இரண்டிலும் வரும். தைராய்டு டாக்டர், வயிற்றுப் பிரச்சினையால் இருக்கலாம் என்பார். குடல் டாக்டர், தைராய்டைப் பாருங்கள் என்பார். இருவருமே நல்ல மருத்துவர்கள்தான், இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒருவர் கும்பகோணத்தில், ஒருவர் தஞ்சாவூரில். இவருடைய சீட்டு அவருக்குத் தெரியாது, அவருடைய சீட்டு இவருக்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் தெரு முனை மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு.

அண்ணே, அப்போது என் டி.எஸ்.ஹெச். ஏறிக்கொண்டே இருந்தது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் ரத்த அளவு அது. தைராய்டு மாத்திரையை 75 மைக்ரோகிராமிலிருந்து 100 ஆக்கினார்கள், அப்புறம் 125. அப்படியும் இறங்கவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டேன். நீங்கள்தான் அன்றைக்கு இரண்டு சீட்டையும் கண்ணாடி மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். ரத்தம் போனதால் வந்த சோகைக்குக் குடல் பக்கம் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, காலை வெறும் வயிற்றில். தைராய்டு மாத்திரையும் காலை வெறும் வயிற்றில். "அம்மா, இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டா தைராய்டு மாத்திரை உடம்புல சேராது. நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றீர்கள். இரும்பும் தைராக்சினும் குடலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் கலக்காமலேயே வெளியே போய்விடுமாம். கால்சியம் மாத்திரைக்கும் அதே கதைதான். கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். அந்தக் கூட்டத்திலும் என் சீட்டுகளை நிறுத்திப் படித்தீர்களே, அதை நான் மறக்கவே மாட்டேன். தைராய்டு மாத்திரையை ஒவ்வொரு முறையும் அதே கம்பெனியில் எடுத்து வைப்பதற்கும், பாட்டிலை ஜன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள் என்று நினைவூட்டுவதற்கும் சேர்த்து நன்றி. இரண்டு டாக்டர்களிடம் போகிறவர்கள் எல்லா மருந்தையும் ஒரே கடையில் வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது உங்களால்தான்.

அடுத்தது எங்கள் குடல் டாக்டர். ஐயா, உங்கள் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை.

தைராய்டு டாக்டரிடம் கேட்டுவிட்டு இரும்பு மாத்திரையை மத்தியானத்துக்கு மாற்றினேன். ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்கலாம் என்றார். டி.எஸ்.ஹெச். ஒரு நிலைக்கு வர அவ்வளவு நாள் ஆகுமாம். அந்த ஆறு வாரம் முடிவதற்குள்ளேயே மோஷன் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லை. கொலைடிஸ் திரும்பி வந்துவிட்டது என்று வீடே பயந்துபோனது. எனக்கு மறுபடியும் ஸ்டீராய்டை நினைத்துத்தான் பயம். முன்பு ஒரு முறை 40 மில்லிகிராமில் ஆரம்பித்து வாரா வாரம் குறைத்துக்கொண்டு வந்த காலம் நன்றாக நினைவிருக்கிறது. முகம் ஊதிப்போய், ராத்திரி முழுக்கக் கண் விழித்து, சர்க்கரை ஏறி... ரத்தப்போக்கை நிறுத்தியது அந்த மருந்துதான், அதைக் குறை சொல்லவில்லை. தேவையில்லாத நேரத்தில் அது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நீங்கள் அவசரப்படவில்லை. ரத்தம் போகிறதா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். சமீபத்தில் மருந்தில் என்ன மாறியது என்று கேட்டீர்கள். சொன்னேன். உடனே இரண்டு பரிசோதனை எழுதினீர்கள். மலத்தில் கால்புரோடெக்டின், ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். குடலில் அழற்சி இருந்தால் கால்புரோடெக்டின் ஏறும். எனக்கு அது சாதாரண அளவில்தான் இருந்தது. டி.எஸ்.ஹெச். தரைமட்டமாக இறங்கிக் கிடந்தது. விஷயம் புரிந்துவிட்டது: இரும்போடு மல்லுக்கட்டியதால் ஏற்றி வைத்த 125, இப்போது முழுதாக உடம்பில் சேர்கிறது. தைராய்டு ஹார்மோன் அதிகமானாலும் வயிறு போகும். கொலைடிஸ் மாதிரியே இருக்கும், ஆனால் கொலைடிஸ் இல்லை. என் முன்னாலேயே தைராய்டு டாக்டருக்கு ஃபோன் செய்து பேசினீர்கள். மருந்தின் அளவைக் குறைத்தார்கள், சில வாரத்தில் வயிறு சரியாகிவிட்டது. ஒரு ஸ்டீராய்டு மாத்திரைகூட எடுக்கவில்லை. அந்த ஃபோன் இரண்டு நிமிடம் இருந்திருக்கும். என் நோய்கள் இரண்டும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொண்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு இரும்புச்சத்தை மாத்திரையாகக் கொடுப்பதையே நிறுத்தி, டிரிப்பில் ஏற்றிவிட்டீர்கள். புண் இருக்கும் குடலுக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்வதும் கஷ்டம், சேர்வதும் கஷ்டம் என்று விளக்கிச் சொன்னீர்கள். ஒரே ஏற்பாட்டில் இரண்டு பிரச்சினை தீர்ந்தது.

தைராய்டு அம்மா டாக்டருக்கும் நன்றி. வேறொரு டாக்டர் ஃபோன் செய்ததைத் தவறாக எடுத்துக்கொள்ளாமல், அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் "வயிறு எப்படி இருக்கு?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் என் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறீர்கள்.

லேபில் இருக்கும் தங்கச்சிக்கு ஒரு நன்றி. மல மாதிரி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது எவ்வளவு கூச்சம் என்று நின்றவர்களுக்குத் தெரியும். நீ முகம் சுளிக்காமல், குரல் உயர்த்திப் பெயர் சொல்லாமல், கண்ணால் கூப்பிட்டு வாங்கிக்கொள்வாய். தைராய்டு பார்க்கும் நாளில் மாத்திரை போடாமல் வந்தேனா என்று நீயே கேட்டும்விடுவாய்.

இனி வீடு. எங்கள் ஊரில் விடிந்தால் காபி. கும்பகோணம் டிகிரி காபி என்று ஊர் பெயரைச் சொல்லித்தான் வெளியூரில் விற்கிறார்கள். தைராய்டு மாத்திரை போட்ட பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி குடிக்கக் கூடாது, குடித்தால் மருந்து சரியாகச் சேராது. அத்தைக்கு இது தெரிந்ததும், வீட்டில் யாருக்கும் ஆறு மணிக்கு முன்னால் காபி கிடையாது என்று சொல்லிவிட்டார். நான் ஐந்து மணிக்கு மாத்திரை போட்டுவிடுவேன். டிகாக்‌ஷன் வாசனை வந்தால் எனக்கு ஆசை வரும் என்று ஃபில்டரையே அதற்கப்புறம்தான் எடுப்பார். எழுபது வயதைத் தாண்டிய அத்தை, காலம் முழுக்க நாலரை மணிக்குக் காபி குடித்துப் பழகியவர். அத்தை, நீங்கள் கேட்க வேண்டும் என்றுதான் இதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டப் போகிறேன்.

சாப்பாட்டு விஷயத்திலும் அத்தைதான் எனக்குக் காவல். தைராய்டுக்கு முட்டைக்கோஸ் ஆகாது, குடலுக்குப் பால் ஆகாது, ஏதோ ஒரு பொடியைச் சாப்பிட்டால் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்று வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டாக்டரிடம் கேட்கச் சொல்லி என்னிடம் ஒரு தாளில் எழுத வைப்பார். வேகவைத்த முட்டைக்கோஸை அளவாகச் சாப்பிடலாம் என்றும், மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது என்றும் டாக்டர் சொன்னதை அடுத்த முறை அத்தையே வந்தவர்களிடம் சொல்லி அனுப்பினார். வயிறு சீறும் நாட்களில் குழைந்த சோறு, பாசிப்பருப்பு, தோல் சீவிய சுரைக்காய், பீர்க்கங்காய். அடங்கியிருக்கும் நாட்களில் எல்லாம் போட்டு ஒரு சாம்பார். இரண்டையும் மாற்றி மாற்றிச் சமைப்பதில் ஒரு நாளும் சலிப்புக் காட்டியதில்லை.

என் வீட்டுக்காரருக்கு: ராத்திரியில் எனிமா போட்டுக்கொண்டு இடது பக்கமாக அசையாமல் படுக்க வேண்டிய நாட்களில், பேசிக்கொண்டே இருந்ததற்கு நன்றி. மற்றதை நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஹெச்.எம். டீச்சருக்குச் சொல்ல வேண்டியது நிறைய. நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பு மாடியில் இருந்தது, ஆசிரியைகளுக்கான கழிப்பறை கீழே, அதுவும் பூட்டுப் போட்டு. சாவி அலுவலக அறையில் இருக்கும். கொலைடிஸ் உள்ளவர்களுக்கு அந்தத் தூரம் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஒரு நாள் நான் தயங்கித் தயங்கி நோயைப் பற்றிச் சொன்னேன். காரணம், சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரமே என் வகுப்பைக் கீழே கடைசி அறைக்கு மாற்றி, ஒரு மாற்றுச் சாவியையும் கையில் கொடுத்துவிட்டார். பக்கத்து வகுப்பு டீச்சரிடம், நான் வெளியே போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னதும் அவர்தான். அந்த டீச்சர் இன்றுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நான் கதவைத் தாண்டும்போதே எங்கள் வகுப்பு வாசலுக்கு வந்து நின்றிருப்பார். கழிப்பறை கேட்பதற்கு ஒரு பெண் இவ்வளவு தயங்க வேண்டியிருக்கக் கூடாது. எல்லாப் பள்ளியிலும் இப்படி ஒரு ஹெச்.எம். இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பள்ளிக்கு டவுன் பஸ்ஸில்தான் போகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கு அது பணம் மிச்சம். எனக்கு அதில் இன்னொரு நிம்மதி. அவசரம் வந்தால் நடுவில் எந்த நிறுத்தத்திலும் இறங்கிவிடலாம், அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம், இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு நாள் வியர்த்துக் கொட்ட இறங்கியபோது, நிறுத்தத்துக்கு எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "உள்ள போம்மா, கொல்லைப் பக்கம்" என்று வீட்டைக் காட்டினார். இன்றைக்கும் பஸ் அங்கே நிற்கும்போது என் முகத்தை ஒரு முறை பார்ப்பார். அக்கா, பெரும்பாலான நாட்களில் நான் இறங்குவதில்லை. இறங்கினால் உங்கள் வீடு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அந்த வழியே நிம்மதியாகப் போகிறேன்.

இரண்டு பேருக்கு நன்றி சொன்னால் அது அவர்களிடம் போய்ச் சேராது, ஆனாலும் சொல்கிறேன். ஜப்பானில் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் மருத்துவர் 1912-இல் நான்கு பெண்களின் தைராய்டை ஆராய்ந்து இந்த நோயை எழுதினார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி அங்கே சாதாரண டாக்டராக வேலை பார்த்து, 1934-இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். எதிர்ப்பு சக்தியால் வரும் நோய் அது என்று 1956-இல் தெரியவந்தபோது அவர் இல்லை. இன்னொருவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ். மூட்டுவாதத்துக்கென்று அவர் முயன்ற சல்ஃபாசலசின், கொலைடிஸ் நோயாளிகளுக்குக் கேட்டது. அந்த மருந்து குடலில் இரண்டாகப் பிரியும். அதில் குடலைக் காப்பாற்றும் பாதிதான் நான் தினமும் காலைச் சாப்பாட்டோடு போடும் மெசலமைன். யார் முகம் என்றே தெரியாதவர்களுக்கு யாரோ செய்த வேலை இது. எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்டு எழுதியவர்களுக்கு: ரத்தம் போவது நின்று நல்ல காலம் ஆகிறது, தைராய்டும் அளவில் இருக்கிறது. இரண்டு டாக்டர்களுக்கும் ஒரே நோட்டுதான். அடுத்த மாதம் கொலோனோஸ்கோப்பி. நோய் வந்து வருடங்கள் ஆனவர்களுக்குக் குடலை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. முந்தின நாள் வயிறு சுத்தம் செய்யும் மருந்து குடிக்க வேண்டும், மறுநாள் தஞ்சாவூர் போக வேண்டும். அந்த இரண்டு நாளுக்கும் என் வகுப்புகளைத் தான் எடுப்பதாகப் பக்கத்து வகுப்பு டீச்சர் போன வாரமே கால அட்டவணையில் எழுதி ஒட்டிவிட்டார். அதற்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன் டீச்சர், நன்றி.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து உங்கள் ஏழாம் வகுப்பு டீச்சர்