மருத்துவர் எழுதிய சீட்டை மதியுங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை செய்யும் ஏற்றுமதி ஆடை ஆலையின் நிர்வாகத்துக்கு, வணக்கம்.

போன வாரம் பிசிறு வெட்டும் மேசையில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். 6 வாரம் கைக்கு வேலை குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிய சீட்டோடு வந்த அக்காவை, "எல்லாருக்கும்தான் கை வலிக்குது, நடிக்காத" என்று சொல்லி, மணிக்கட்டுப் பட்டையையும் கழற்ற வைத்து, அதே மேசையில் நிறுத்தினார்கள்.

அது வெறும் கைவலி இல்லை ஐயா. மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் குறுக்கே ஓடும் தடித்த தசைநாருக்கும் நடுவே குறுகலான ஒரு வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. நாள் முழுக்க டிரிம்மரை, அதாவது நூல் வெட்டும் சின்னக் கத்தரியை, அழுத்தி அழுத்தி வெட்டினால் உள்ளே வீங்கி நரம்பு நசுங்குகிறது. சர்க்கரை, தைராய்டு இருந்தாலும், கர்ப்ப காலத்திலும் இது வரும். அக்காவுக்குச் சர்க்கரையும் தைராய்டும் சோதித்தாயிற்று, இரண்டும் சரியாக இருக்கின்றன. நரம்பில் லேசாக மின்சாரம் செலுத்திப் பார்த்ததில், மணிக்கட்டைக் கடக்கும் இடத்தில் அது தாமதமாவது பதிவாகியிருக்கிறது. இதில் நடிப்பு எங்கே வந்தது?

ராத்திரிதான் கொடுமை. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கியதும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து எரியும். எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். கண்ணயர்ந்தால் மறுபடி அதேதான். விடிந்ததும் பிள்ளையின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போட விரல் பிடிகொடுக்காது. அதே கையோடு இங்கே வந்து நூற்றுக்கணக்கான சட்டைகளுக்கு நூல் வெட்டுகிறார்.

இப்போதே கவனித்தால், ராத்திரியில் பட்டை, வேலைக் குறைப்பு, தேவைப்பட்டால் ஓர் ஊசி என்று பலருக்கு அடங்கிவிடும். விட்டுவிட்டால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போகும். அதற்குப் பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய பலம் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

நாங்கள் கேட்பது, சீட்டு கொண்டுவருபவரைச் சம்பளம் பிடிக்காமல் கைக்கு அழுத்தம் இல்லாத வேலைக்கு மாற்ற வேண்டும் என்பதுதான். டார்கெட்டை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். டிரிம்மர் மழுங்கினால் புதியது கேட்டு ஸ்டோருக்கு நடையாய் நடக்கிறோம். மழுங்கியதை இன்னும் அழுத்தித்தானே வெட்ட வேண்டியிருக்கிறது? தண்ணீர் குடிக்க எழுந்தாலும் முறைப்பு, பாத்ரூமுக்குப் போக டோக்கன். எங்களுக்கும் உடம்பென்று ஒன்று இருக்கிறதே ஐயா!

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருளுங்கள். மருத்துவர் சீட்டுப்படி வேலை மாற்றித் தரப்படும் என்று, சூப்பர்வைசர்களுக்கும் சேர்த்து, அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுங்கள். அந்த அக்காவை நாளைக்கே அந்த மேசையிலிருந்து மாற்றுங்கள்.

இப்படிக்கு,
பிசிறு வெட்டும் பிரிவுத் தொழிலாளி