கம்பியில் 18 ரசீதுகள்

கோலாலம்பூரில் அப்பா அம்மா வீட்டுக்கு வாரிசாக இருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கு,

வணக்கம். இறந்துபோன அப்பா பெயரிலேயே இன்னும் மதிப்பீட்டு வரி (ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாநகராட்சி மன்றத்துக்குக் கட்டும் வீட்டு வரி) பில் வருகிற வீடு உங்களுக்கும் இருந்தால், இந்த மடல் உங்களுக்குத்தான்.

செந்தூலில் எங்கள் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு கம்பி தொங்குகிறது. கட்டிய பில்லை அதில் குத்தி வைப்பது அப்பாவின் வழக்கம். போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனபோது அதைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் அப்பா கட்டியவை, ஓரம் சுருண்டு கிடந்தன. அதற்கு மேலே இருந்ததெல்லாம் அப்பா போன பிறகு இந்த ஒன்பது வருஷமாக அக்கா கட்டியது. எண்ணினேன், 18. பிள்ளைகள் நாலு பேர். மற்ற மூன்று பேரும் ஒரு தடவைகூட "எவ்வளவு ஆச்சுக்கா?" என்று கேட்டதில்லை. குடியிருப்பவர்தானே கட்டணும் என்று இருந்துவிட்டோம்.

அது தப்பு. 1976 உள்ளூர் அரசாங்கச் சட்டம் வரியை வீட்டின் உரிமையாளர் மேல்தான் வைக்கிறது. அப்பா உயில் எழுதாமல் போய், அம்மாவும் அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டியும் இல்லையென்றால், முஸ்லிம் அல்லாத குடும்பங்களில் 1958 பங்கீட்டுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சம பங்கு. மகன், மகள் என்ற பேதமே கிடையாது. வீட்டில் சம பங்கு வேண்டும், வரி மட்டும் அக்கா தலையிலா? ஆறு மாதத்துக்கு 240 ரிங்கிட். ஆளுக்கு 60. நான் அக்காவுக்குத் தர வேண்டியது 1,080 ரிங்கிட்.

அக்கா வாடகை இல்லாமல்தானே இருக்கிறார் என்பீர்கள். சரி, அதையும் உட்கார்ந்து பேசுங்கள். கூரை ஒழுகியபோது யார் காசில் ஓடு மாற்றினார்கள் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

வரி கட்டாமல் விட்டால் முதலில் நோட்டீஸ் வரும். அப்புறம் வாரண்ட்டோடு வந்து வீட்டில் இருக்கிற சாமான்களை ஜப்தி செய்யலாம். அது அக்காவின் பிரிட்ஜ், அக்காவின் தையல் மெஷின். நில வரி இதில் சேராது. அதைத் தனியாக நில அலுவலகத்தில் மே 31-க்குள் கட்ட வேண்டும். அதை விட்டால் 6ஏ பாரம் என்ற நோட்டீஸ் வரும். மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலத்தையே அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் பெயரை மாற்றுங்கள். சிறிய சொத்து என்றால் பூசாக்கா, அதாவது இறந்தவர் சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் ஒரு விண்ணப்பம் போதும். பெரியது என்றால் வக்கீல் வைத்து உயர்நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். கிராண்டில் (வீட்டுப் பட்டாவில்) பெயர் ஏறியதும் மாநகராட்சி மன்றத்துக்கும் தெரியப்படுத்துங்கள். எங்கள் வீட்டில் இதற்கு நாலு பேரும் ஒரே நாளில் லீவு எடுக்க இப்போதுதான் சம்மதித்திருக்கிறோம்.

அடுத்த பில்லை ஆகஸ்ட் 31-க்குள் கட்ட வேண்டும். என் பங்கை அனுப்பிவிட்டேன். நீங்களும் இன்று ராத்திரி உங்கள் அக்காவுக்கு ஒரு போன் போட்டு, கம்பியில் எத்தனை ரசீது இருக்கிறது என்று கேளுங்கள்.

அன்புடன்,
செந்தூல் வீட்டுக் கடைசித் தம்பி