ஆலயத்தின் அளவறிந்து செய்யும் குழல் ஓர்கன்: மட்டக்களப்பில் முயலலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எமது மாவட்டத்துக் கிறிஸ்தவ ஆலயங்கள் பலவற்றில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்னிசைக் கருவி ஒன்றை வாங்க நிதி சேர்ப்பதும், அது பழுதடைந்ததும் மறுபடி நிதி சேர்ப்பதும் வழக்கமாகிவிட்டது. நான் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பாடகர் குழுவுக்கு வாசித்து வந்த ஆலயத்திலேயே இவ்வாறு மூன்று கருவிகள் வந்து போயின. கடைசிக் கருவி, மாரிகாலத்து மின்தடை ஒன்றின் பின் மின்சாரம் திரும்பிய கணத்தில் ஊமையாயிற்று. விற்றவரிடம் கொண்டு சென்றபோது, அதற்குரிய மின்சுற்றுப் பலகை இப்போது தயாரிக்கப்படுவதில்லை என்ற பதிலே கிடைத்தது. அக்கருவிக்காகச் சிறுகச் சிறுகப் பணம் தந்தவர்களுள் மீன் விற்றும் பாய் இழைத்தும் குடும்பம் நடத்தும் தாய்மார் இருந்தார்கள் என்பதை நினைக்க எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

ஓர்கன் என்றதும் இன்றைய பிள்ளைகள் அந்த மின்கருவியையே நினைக்கிறார்கள். அப்பெயருக்கு உரியதோ காற்றால் ஒலிக்கும் குழல் ஓர்கன். துருத்தி தரும் காற்று ஒரு பெட்டியில் தேங்கி நிற்கும். விசையை அழுத்தியதும் அடைப்பு ஒன்று திறந்து, அந்தச் சுரத்துக்கென்றே அமைந்த குழலுக்குள் காற்றுப் புகும். புல்லாங்குழலில் ஒரே குழலின் துளைகளை மூடியும் திறந்தும் எல்லாச் சுரங்களையும் எழுப்புகிறோம். இங்கே சுரத்துக்கு ஒரு குழல். ஆகவே 54 விசைகள் உள்ள கருவிக்கு ஒரேயொரு ஒலிவகை (ஒரே தன்மையான ஒலி) வேண்டுமென்றாலும் 54 குழல்கள் செய்தாக வேண்டும். மேல்முனை திறந்த குழலாயின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கு ஏறக்குறைய 8 அடி நீளம் தேவை. முனையை அடைத்துவிட்டால் அதே சுரம் 4 அடியிலேயே கிடைக்கும். கூரை தாழ்ந்த எங்கள் சிற்றாலயங்களுக்கு இந்த ஒரு வசதியே பெரிய வாய்ப்பாகும்.

இக்கருவியைக் கடையில் பார்த்து வாங்க முடியாது என்பதுதான் இதன் சிறப்பு. செய்பவர் முதலில் ஆலயத்துக்கு வந்து கூரையின் உயரம், சுவரின் தன்மை, பாடகர் நிற்கும் இடம், மக்கள் நிறைந்திருக்கும்போது ஒலி எவ்வளவு அடங்குகிறது என்பனவற்றையெல்லாம் அறிந்த பின்பே குழல்களின் அகலத்தையும் காற்றழுத்தத்தையும் தீர்மானிப்பார். பொருத்திய பின்னரும் ஒவ்வொரு குழலின் வாயையும் அந்த இடத்திலேயே இருந்து திருத்துவார். இருபுறமும் சாளரம் திறந்து, மின்விசிறி சுழன்று, கடற்காற்று ஊடாடும் எமது மண்டபங்களில் ஒலி தேங்கி நிற்பதில்லை. கல்லால் எழுந்த ஐரோப்பியப் பேராலயத்துக்குச் செய்த கருவி இங்கே பொருந்தாது. இங்குள்ள மண்டபத்துக்கு இங்கேயே அளந்து செய்வதே பொருந்தும்.

எமது காலநிலை இதற்கு ஒவ்வாது என்று சிலர் கூறுவர். அச்சம் நியாயமானதே. ஈரத்தில் பசை விடும், துருத்தியின் தோல் பூஞ்சணம் பிடிக்கும், உப்புக்காற்றில் இரும்பாணி துருப்பிடிக்கும், கறையானைச் சொல்லவே வேண்டாம். ஆனால் வெப்ப நாடுகளுக்கென ஓர்கன் செய்தவர்கள் தேக்கு போன்ற மரங்களைத் தேர்ந்து, பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகாணிகளையும் பூட்டி இவற்றுக்கு வழி கண்டனர். பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பினாஸ் ஊரில், டியேகோ செரா என்ற குருவானவர் 1816 இல் தொடங்கி 1824 இல் முடித்த ஓர்கனில் உள்ள 1,031 குழல்களுள் 902 மூங்கிலால் ஆனவை. நிலநடுக்கமும் புயலும் கண்ட அக்கருவி 1973 இல் ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டு, 1975 இல் திருத்தப்பட்டு ஊர் திரும்பி, இன்றும் ஒலிக்கிறது. பின்னர் பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஐரோப்பாவில் இத்தொழிலைப் பயின்று வந்து லாஸ் பினாஸிலேயே பட்டறை அமைத்ததுதான் நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி. அங்கும் எம்மைப் போலவே மழையும் வெக்கையும் கறையானும் உண்டு.

ஜேர்மனியில் ஏறக்குறைய 400 பட்டறைகளில் 2,800 பேர் வரை இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர். மூன்றரை ஆண்டுப் பயிற்சி பெற்றே ஒருவர் இத்தொழிலுக்குள் வருகிறார். 2017 இல் யுனெஸ்கோ இக்கைவினையை மனித குலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. முதிரையிலும் தேக்கிலும் கதவு, கட்டில், அலுமாரி என நுட்பமாக இழைக்கும் எமது தச்சர்களின் கைக்கு மரக்குழல் எட்டாததன்று என்பது என் உறுதியான எண்ணம். உலோகக் குழலுக்கு வெள்ளீயமும் ஈயமும் கலந்து உருக்கித் தகடு வார்க்க வேண்டும்; அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இது வேற்றுநாட்டுக் கருவி, எமக்கு எதற்கு என்ற கேள்வியும் எழலாம். வயலின் இன்றிக் கர்நாடக இசையரங்கு இன்று ஏது? அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்துபோன யாழின் இயல்பைக் கணக்கிட்டு ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலைத் தந்தார். அவர் கணித்துக் காட்டிய பாலைகளையும் (பண்டைத் தமிழிசையின் சுர அமைப்புகள்) அலகுகளையும் (சுர இடைவெளியை அளக்கும் நுண்ணளவுகள்) மாணவர்கள் எண்களாகவே படிக்கிறார்கள். காதால் கேட்பது அரிது. அடைத்த மரக்குழலின் அடைப்பானைச் சற்றே மேலும் கீழும் நகர்த்தினால் சுருதி மாறும். எனவே ஒரே கருவியின் குழல்களை ஒரு தவணைக்கு சுர இடைவெளிகளைச் சமமாகப் பங்கிடும் மேலைநாட்டுச் சமனிலைச் சுருதியிலும், மறு தவணைக்கு அப்பாலைகளுள் ஒன்றிலும் நிறுத்தி மாணவரைக் கேட்கச் செய்யலாம். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடசாதனம் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே எனது வேண்டுகோள் இதுதான். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் திருச்சபைகள் புதிய மின்கருவிகளுக்காகத் தனித்தனியே சேர்க்கும் நிதியில் ஒரு பகுதியை ஒன்றாக்கி, மேற்படி நிறுவகத்தோடு சேர்ந்து, ஒரே ஒலிவகையுள்ள சிறிய மரக்குழல் ஓர்கன் ஒன்றை இங்கேயே செய்விக்க வேண்டும். அதற்குக் கால்மிதித் துருத்தியே போதும். மின்சாரம் நின்றாலும் பாட்டு நிற்காது. அத்துடன் தச்சுத் தொழில் அறிந்த இளைஞர் இருவரையேனும் இப்பணி நடக்கும் வெளிநாட்டுப் பட்டறை ஒன்றுக்குப் பயிற்சிக்கு அனுப்பும் வழியையும் அவர்கள் ஆராய வேண்டும்.

வெறும் ஆசையில் இதை எழுதவில்லை. என் அயலில் உள்ள தச்சர் ஒருவர், நான் வரைந்து கொடுத்த அளவின்படி பலாப் பலகையில் சுமார் 2 அடி நீளமான குழல்களைச் செய்து பார்த்தார். காற்று வெளிவரும் பிளவு அகன்று போனதால் முதல் மூன்றும் இரைந்தனவேயன்றி இசைக்கவில்லை. நான்காவது, எங்கள் வீட்டுப் பழைய ஆர்மோனியத்தின் நடுச் சுரத்தோடு ஒத்து, தெளிவாக ஒலித்தது. ஆர்வமுள்ள குருமாரும் ஆசிரியர்களும் தச்சர்களும் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தொடர்பு கொண்டால், அக்குழலையும் அதன் அளவுகளையும் காட்டக் காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.