மெதுவாக ஓடுவதும் ஓட்டம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜனவரி முதல் வாரத்தில் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. புது ஷூ, புது டீ-ஷர்ட், காதில் பாட்டு. பொங்கல் முடிந்து பத்து நாள் போனால் பாதிப் பேரைக் காணோம். நாலு ஜனவரியாக இதைப் பார்க்கிறேன். வராமல் போனவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் முதல் நாளே உடம்பு தாங்குவதற்கு மேல் வேகமாக ஓடியவர்கள். மூச்சு முட்டி, முழங்கால் வலித்து, "நமக்கு இது ஒத்துவராது" என்று முடிவுகட்டிவிட்டார்கள். இந்தக் கடிதம் அவர்களுக்காகத்தான்.

எனக்கு வயது 53. வீடு புலியகுளத்தில். அஞ்சலகத்தில் சேமிப்புக் கவுன்டரில் 28 வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவள். 1984இல் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். எங்கள் பி.டி. டீச்சர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, "இவ்வளவு நேரம்கூட இல்லைடி" என்றார். அன்று சாயங்காலம் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இருட்டும்வரை ஓடினோம். பெண்களுக்கான மாரத்தானை ஒலிம்பிக்கில் சேர்த்ததே அந்த வருடம்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. அடுத்த வருடம் வயதுக்கு வந்தேன். "இனி என்னத்துக்கு ஓட்டம்" என்றார் அம்மாயி. அத்தோடு நின்ற கால் மறுபடி ஓடியது 2022இல், ஐம்பது வயதில். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (ஹெச்பிஏ1சி) 6.3, அதாவது சர்க்கரை நோயின் வாசல்படி, என்று ரிப்போர்ட் வந்த மறுவாரம்.

ஓடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நாற்பது தாண்டியவர்கள், பிரஷரோ சர்க்கரையோ உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், ஓடும்போது சர்க்கரை இறங்கிவிட வாய்ப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டு, பாக்கெட்டில் நாலு மிட்டாயும் வைத்திருக்க வேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். தெரிந்தவர் பார்க்கிறாரே என்று சமாளிக்காதீர்கள்.

போன வருடம் எதிர் வீட்டு மருமகள் கேட்டாள், "அக்கா, நானும் வரட்டுங்களா?" அவளுக்கு 32 வயது. முதல் நாள், நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் விட்ட அம்பு மாதிரி பாய்ந்தாள். மூன்றாவது விளக்குக் கம்பத்தில் பிடித்தேன். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்திருந்தாள். முகம் சிவந்து, மூக்கு நுனியில் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு இது ஆவாதுங்க்கா."

"ஆகும் கண்ணு. நடந்துட்டே மூச்சு வாங்கு" என்றேன். ரெண்டு கம்பம் நடந்தோம். அப்புறம் ஒரு கம்பம் ஓட்டம், என் பக்கத்திலேயே, என்னை முந்தக் கூடாது. ஓடும்போதே கேட்டேன், "நேத்து ராத்திரி என்ன சமையல்?" "அரிசி..." என்று இழுத்தாள், மிச்சம் வரவில்லை. இன்னும் மெதுவாக, கிட்டத்தட்ட நடை வேகத்துக்கு இறக்கினோம். அடுத்த கம்பத்தில் மறுபடி கேட்டேன். "அரிசிம்பருப்பு சாதங்க்கா, தொட்டுக்க அப்பளம் பொரிச்சேன், அவரு தயிர் வேணும்னாரு." முழுசாக வந்துவிட்டது. "இதுதான் உன் வேகம், இதை விடாதே" என்றேன். இன்றைக்கும் அவள் வேகம் கூட்டினால் நான் கேட்பது சமையலைத்தான்.

நான் கற்றுக்கொண்டது ஒரு அட்டவணையிலிருந்து. 1996இல் அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர், ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மா போன்றவர்களும் ஓட வேண்டும் என்று போட்டது. 'கவுச் டு 5கே', அதாவது சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, என்று பெயர். வாரம் மூன்று நாள், ஒன்பது வாரம். முதல் வாரம் ஐந்து நிமிடம் வேகநடை, பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். அவ்வளவுதான். ஐந்தாவது வாரக் கடைசியில் நடக்காமல் இருபது நிமிடம் ஓட வேண்டும் என்று இருக்கும். அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாலாவது வாரத்தையே மூன்று தடவை செய்தேன். ஒன்பது வார அட்டவணையை முடிக்க எனக்குப் பதினாறு வாரம் ஆனது. யாரும் கேட்கவில்லை, எதுவும் குறையவும் இல்லை. முடியாத வாரத்தை மறுபடி செய்யலாம் என்பதை யாராவது அந்த ஜனவரிக் கூட்டத்திடம் சொல்லியிருந்தால், பாதிப் பேர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

தினமும் ஓடாதீர்கள். ஆசை மிகுந்துபோய் நான் மூன்றாவது வாரம் ஆறு நாள் ஓடினேன். கெண்டைக்காலுக்கு முன்னால் இருக்கும் எலும்பு ஓரம் விரல் வைத்தால் உயிர் போனது. பதினைந்து நாள் நடை மட்டும்தான். மூச்சு சீக்கிரம் பழகிவிடுகிறது. எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். "இன்னும் ஓடலாம் போலிருக்கே" என்று தோன்றுகிற அந்த நாட்களில்தான் அடிபடுகிறது. ஓட்டம் இல்லாத நாளில் நடக்கலாம், படி ஏறலாம், சும்மாவும் இருக்கலாம்.

ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நின்று நடந்த பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். போட்டுப் பார்க்கும்போது கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். என் முதல் ஷூ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. "போடப் போட லூஸாயிடும்" என்றார் கடைக்காரர். ரெண்டே மாதத்தில் பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது.

பெண்களுக்கு ஒன்று, இதை யாரும் வெளியே சொல்வதில்லை. ஷூவுக்கு யோசித்துச் செலவு செய்கிற நாம் ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கக் கூச்சப்படுகிறோம். அது இல்லாமல் ஓடினால் மார்பும் தோளும் வலிக்கும், அந்த வலியாலேயே ஓட்டத்தை விட்டவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். உடுப்பு எதுவானாலும் பரவாயில்லை. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் ஓடியிருக்கிறேன்.

ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் இல்லாதவர்கள் தெருவில்தான் ஓட வேண்டியிருக்கும். சாலையின் வலது ஓரமாக ஓடுங்கள், எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அதற்கு முதுகு காட்டாமல் மெல்ல நகருங்கள். எங்கள் தெருமுனையில் இருப்பது ஒரு மாதம் குரைத்தது, இப்போது படுத்த வாக்கில் வாலை மட்டும் ஆட்டுகிறது.

என் மூன்று மாதச் சர்க்கரை இப்போது 5.8. சாப்பாட்டையும் மாற்றினேன், அதனால் எல்லாம் ஓட்டத்தால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் 5 கிலோமீட்டர் ஓட எனக்கு 44 நிமிடம் ஆகிறது, அதில் முழுக்க முழுக்க என் கால்தான்.

கடைசியாக, ஓட்டப் போட்டி நடத்துபவர்களிடம் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. ரெண்டு வருடம் முன்பு ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் பணம் கட்டிக் கலந்துகொண்டேன். எட்டாவது கிலோமீட்டருக்கு நான் வந்தபோது தண்ணீர் மேசையை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. எனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள், பெரியவர்கள். அங்கே நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் ஓடிவந்து தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினான், "குடிங்கம்மா, என்னுதுதான்." அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். ஆனால் கடைசி ஆள் கடந்துபோகும்வரை மேசையை எடுக்காமல் இருப்பது நடத்துபவர்களின் பொறுப்பு. கடைசி ஆளோடு கூடவே வர ஒரு தன்னார்வலரை விட்டால் இன்னும் நல்லது. முதலில் வந்தவர் படத்தைப் போடுகிற நீங்களும், கடைசியாக வந்தவர் எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்று ஒரு வரி போடுங்கள். அதைப் படித்துவிட்டு "அட, நானும் போகலாம் போலிருக்கே" என்று ஒருவர் கிளம்புவார்.

அடுத்த மாதம் எதிர் வீட்டுப் பெண் தன் முதல் 5 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். நானும் கூடப் போகிறேன். அவள் கணக்கில் 48 நிமிடம் ஆகும். அதுவரை தண்ணீர் மேசை அங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
புலியகுளம், கோவை.