ஹூட்ஹூட்டுக்குக் கால் இரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் கார்ட்டூன் பறவைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. போக்கிமான் விளையாட்டில் வரும் ஹூட்ஹூட் என்ற ஆந்தைக்கும் அதில் ஐந்தாறு வரிகள் ஒதுக்கியிருந்தார்கள். ஒற்றைக்கால் ஆந்தையாம், சரியாக மணி சொல்லுமாம், கற்பனைக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று எழுதியவர் கேட்டிருந்தார்.

அன்று காலை நான் கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு ஒரு பெண்கள் கைக்கடிகாரத்தின் திருகைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுப் பேத்தி பேப்பரைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்துவிட்டாள். இருந்த இன்னொரு திருகும் எங்கோ ஓடிவிட்டது. “தாத்தா, ஒத்தக் கால்னு போட்டிருக்காங்க. அதுக்கு ரெண்டு கால். நீங்க உடனே லெட்டர் போடுங்க” என்றாள். சின்னப் பிழைதானே கண்ணு, விடு என்றுதான் முதலில் சொன்னேன். திருகுகளைத் தேடி எடுத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். சின்னப் பிழை இல்லை. 38 வருடமாகக் கடிகாரம் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் இதைச் சும்மா விட முடியவில்லை.

கட்டுரையாளரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. படத்தில் பார்த்தால் ஹூட்ஹூட் ஒற்றைக்காலில்தான் நிற்கும், மற்றது தெரியாது. ஆனால் 1999 நவம்பரில் ஜப்பானில் வந்த கோல்டு விளையாட்டிலேயே விளக்கம் இருக்கிறது: அது எப்போதும் ஒரு காலில் நிற்கும், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் காலை மாற்றிக்கொள்ளும். அதே நாளில் வெளியான சில்வரில், தினமும் ஒரே நேரத்துக்குக் கூவும், சிலர் அதைக் கடிகாரமாகவே வைத்திருக்கிறார்கள் என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கடிகாரக்காரனுக்குச் சட்டென்று ஒன்று புரியும்.

சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே முள்கரண்டி மாதிரி ஒரு சின்ன உறுப்பு தெரியும். பேலட் என்போம். அதில் செக்கச்செவேலென்று இரண்டு கற்கள் பதித்திருக்கும். பக்கத்தில் இருக்கிற பல்சக்கரம், சுருள்வில்லின் விசையால் எந்நேரமும் ஓடிவிடத் துடித்துக்கொண்டிருக்கும். ஒரு கல் அதன் பல்லைப் பிடித்து நிறுத்தும். அடுத்த கணம் அந்தக் கல் விடும், சக்கரம் ஒரு இம்மி நகரும், அதற்குள் இன்னொரு கல் பிடித்துக்கொள்ளும். நாம் டிக் டிக் என்று கேட்பது இந்த இரண்டு கற்களும் மாறி மாறிப் பிடிக்கிற சத்தத்தைத்தான். பழைய கடிகாரங்களில் மணிக்கு 18,000 தடவை, அதாவது விநாடிக்கு 5. பிற்பாடு வந்தவற்றில் 28,800, விநாடிக்கு 8.

இந்தக் கற்களில் ஒன்று உதிர்ந்து என்னிடம் வந்த கடிகாரங்கள் உண்டு. ஒன்று, சக்கரம் சர்ரென்று அவிழ்ந்து ஓடும். இல்லை, ஒரே இடத்தில் நின்றுவிடும். நேரம் மட்டும் காட்டாது.

ஹூட்ஹூட்டின் கால்களும் அப்படித்தான். ஒரு கால் ஊன்றும், மற்றது தூக்கும், உடனே மாறும். அது நிற்கவில்லை ஐயா, ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு காலைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் அது எதை வைத்து மணி சொல்லும்? விநாடிக்கு எத்தனை முறை மாற்றும் என்று விளையாட்டில் சொல்லவில்லை. ஐந்தாக இருக்காது, ஐந்தை என் பழகிய கண் பிடித்துவிடும். எட்டுக்கு மேலே என்பது என் ஊகம். இதை உருவாக்கியவர்கள் பேலட்டை நினைத்துத்தான் வரைந்தார்களா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதன் கண்களுக்கு மேலே விரிந்து நிற்கிற கொண்டையைப் பாருங்கள், பத்து மணி பத்து நிமிடத்தில் நிற்கிற முட்கள் மாதிரியே இருக்கும்.

கற்பனைக்கு அளவு வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் கட்டுரையாளர் அளவு மீறிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கை வைத்திருக்கிறார். ஹூட்ஹூட்டின் உயரம் 70 சென்டிமீட்டர், எடை 21.2 கிலோ. நிஜ உலகத்தின் மிகப் பெரிய ஆந்தைகளே 4, 5 கிலோவோடு நின்றுவிடும். இருபத்தோரு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஒரு காலில் நிற்பதைக் கேலி செய்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இருபதாவது நிலையில் அது நாக்டவுல் என்ற பெரிய ஆந்தையாகும். அது யோசிக்கும்போது தலையை 180 டிகிரி திருப்பும் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். நிஜ ஆந்தை 270 டிகிரி வரை திருப்பும். அந்த இடத்தில் கற்பனைதான் குறைந்துபோயிருக்கிறது.

மணி சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். பின்னால் வந்த ரூபி, சஃபையர் விளையாட்டுகளில், பூமி சுழல்வதை உணரும் உறுப்பு ஒன்று அதன் உடலுக்குள் இருப்பதாகச் சொன்னார்கள். இது அப்படியொன்றும் நடக்காத காரியம் இல்லை. 1851-இல் பாரிஸின் பாந்தியன் கட்டடத்தில் ஃபூக்கோ என்பவர் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைக் கட்டி ஆடவிட்டார். குண்டு ஆடுகிற திசை மணிக்குப் பதினோரு டிகிரி போல மெல்லத் திரும்பிக்கொண்டே போனது. உண்மையில் திரும்பியது கீழே இருந்த பூமி. அவருக்கு அவ்வளவு உயரமான கட்டடம் தேவைப்பட்டது, ஹூட்ஹூட் எழுபது சென்டிமீட்டருக்குள் முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் பேத்திக்குச் சொல்லி, பூமத்திய ரேகையில் தொங்கவிட்டால் மட்டும் அந்தக் குண்டு திரும்பாது என்றும் சொன்னேன். “அப்ப அங்க போனா ஹூட்ஹூட் கூவாதா தாத்தா?” என்றாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

சொல்லப்போனால் நம்முடைய கடிகாரங்கள்தான் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பூமி ஒரே சீராகச் சுழல்வதில்லை. அணுக் கடிகாரமோ பிசகாமல் ஓடும். அதனால் 1972-இலிருந்து அவ்வப்போது உலக நேரத்தில் ஒரு விநாடியைச் சேர்த்துச் சரிக்கட்டினார்கள். ஹூட்ஹூட் வந்த பிறகு மட்டும் ஐந்து தடவை, கடைசியாக 2016 டிசம்பர் 31 அன்று. பூமியையே பார்த்துக் கூவுகிற ஆந்தைக்கு அந்த ஐந்து விநாடியும் தேவைப்பட்டிருக்காது.

இந்த ஆந்தையிடம் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். அதில் என் தவறு ஒன்று இருக்கிறது.

என் மகன் சிறுவனாக இருந்தபோது அவனிடம் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியும், அதில் செருகி ஆடுகிற கோல்டு விளையாட்டின் கார்ட்ரிட்ஜும் இருந்தன. நாக்டவுல் ஒன்றை வளர்த்து அதற்கு மணி என்று பெயர் வைத்திருந்தான். மணி சொல்கிற பறவைக்கு மணி. அப்பன் தொழிலையும் மனதில் வைத்துத்தான் வைத்தானோ என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை. பல வருடம் கழித்து, அவன் கல்லூரிக்குப் போகிற காலத்தில், ஒரு நாள் விளையாட்டில் நேரம் தப்பாகக் காட்டுவதாகக் கொண்டுவந்து நீட்டினான். திறந்து பார்த்தேன். உள்ளே எனக்குத் தெரிந்தவர்கள்தான். சிஆர் 2025 பாட்டரி, 3 வோல்ட். பக்கத்தில் தீக்குச்சித் தலையைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு வெள்ளி உருளை. எந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைத் திறந்தாலும் இருக்கிற அதே படிகம், விநாடிக்கு 32,768 முறை அதிர்வது. அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதி பாதியாக்கினால் ஒன்று வரும், அந்த ஒன்றுதான் ஒரு விநாடி. ஆக அந்த விளையாட்டுக்குள் நிஜமாகவே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாம் அணைத்து வைத்தாலும் அது பாட்டுக்கு ஓடும்.

கடிகாரத்தில் பாட்டரி மாற்றுகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். ஒட்டியிருந்த தகட்டைப் பிரித்துப் பழையதை எடுத்தேன், புதியதை வைத்துப் பற்றவைத்தேன். கைக்கடிகாரத்தில் பாட்டரியை எடுத்தால் நேரம் மட்டும்தான் போகும், மறுபடி முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். இதில் ஆட்டத்தின் நினைவும் அதே பாட்டரியின் தயவில்தான் இருந்திருக்கிறது. மகன் போட்டுப் பார்த்தான். விளையாட்டு அவன் பெயரைக் கேட்டது, நேரம் என்ன என்று கேட்டது, எல்லாம் புதிதாக ஆரம்பித்தது. “மணி போயிட்டான்பா” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்டத்தில் போக்கிமான்களைப் பிடிக்கிற பந்துகள் கைக்கு வந்ததும், அதற்குள்ளேயே இருக்கிற 29-ஆம் பாதையின் புல்லுக்குப் போனோம். சாயங்காலம் ஐந்தரை மணி. எவ்வளவு நடந்தாலும் வேறு என்னென்னவோ வந்தன, ஆந்தை வரவில்லை. ஆறு மணிக்கு மேல்தான்பா வரும் என்று அவனுக்குத் தெரியும், என்னிடம் சொல்லவும் செய்தான். நான்தான் அவசரப்பட்டேன். கார்ட்ரிட்ஜுக்குள் ஆறு மணி ஆனால்தான் அங்கே இரவு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். ஆறு அடித்துச் சில நிமிடத்துக்கெல்லாம் புல்லுக்குள்ளிருந்து ஒற்றைக்காலில் வந்து நின்றது. அதுதான் இரண்டாவது மணி. இன்றைக்கும் அதே கார்ட்ரிட்ஜில் இருக்கிறது. இப்போது பேத்தியின் பொறுப்பில்.

அதே பக்கத்தில் இன்னொரு பிழையும் உண்டு. கழுத்தில் இலை டை கட்டிய ஒரு குட்டி ஆந்தையின் படத்தைப் போட்டு, ஹூட்ஹூட்டின் குஞ்சு என்று அடிக்குறிப்பு கொடுத்திருந்தார்கள். அது ரௌலட். 2016-இல் சன், மூன் விளையாட்டுகளில் வந்தது. 30 சென்டிமீட்டர், ஒன்றரைக் கிலோ. வளர்ந்தால் இறகையே அம்பாக்கி எய்கிற வில்லாளி ஆந்தையாக ஆகும், ஹூட்ஹூட் ஆகாது. அழகு என்று பார்த்தால் ரௌலட்தான் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணி தெரியாது.

என் கோரிக்கை இதுதான். சிறுவர் பக்கத்தில் ஒரு சிறிய திருத்தம் போடுங்கள்: ஹூட்ஹூட்டுக்குக் கால் இரண்டு, ரௌலட் அதன் குஞ்சு அல்ல. இரண்டு வரி போதும். முடிந்தால் இந்த ஞாயிறுக்குள் வந்துவிட்டால் நல்லது. கார்ட்ரிட்ஜின் பாட்டரியை மறுபடி மாற்ற வேண்டிய காலம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை வெளியிலிருந்து இன்னொரு 3 வோல்ட் பாட்டரியைத் தற்காலிகமாக இணையாகக் கொடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு கணம்கூட மின்சாரம் அறாமல் பழையதை எடுப்பதாக ஏற்பாடு. கம்பிகள் வெட்டித் தயாராக வைத்திருக்கிறேன். அதற்கு ஒருவர் டார்ச்சை ஆடாமல் பிடிக்க வேண்டும். திருத்தம் பேப்பரில் வந்தால்தான் பிடிப்பேன் என்கிறாள் பேத்தி.

இப்படிக்கு,
கடிகாரம் பழுது பார்க்கும் தங்கள் வாசகன்