நம்ம ஸ்க்ரைப் டீமுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். பார்வையில்லாதவங்க சொல்லச் சொல்ல அவங்களுக்காக பரீட்சை எழுதிக் குடுக்கற ஸ்க்ரைப் வேலைக்கு இந்த எக்ஸாம் சீசன் ஒருவழியா முடிஞ்சுது. டிசம்பர் 5 தன்னார்வலர் தினம், ஐ.நா. சபை 1985ல அறிவிச்சது, அன்னிக்கு பொதுவா ஒரு போஸ்டர் போட்டு நன்றி சொல்லலாம்தான், ஆனா அதுவரைக்கும் தள்ளிப்போட்டா யாரு என்ன செஞ்சாங்கன்னே மறந்துடும். அதான் இப்பவே.

முதல் நன்றி, "இந்த வாரம் என்னால முடியாது"ன்னு முன்கூட்டியே சொன்னவங்களுக்கு. கிண்டல் பண்ணல, நெஜமாத்தான். கடைசி நிமிஷத்துல போனை ஆஃப் பண்ணிட்டா, பார்வையில்லாத ஒரு பையன் படிச்சதெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு எழுத ஆளில்லாம ஹால்ல உக்காந்திருப்பான். நீங்க சொன்னதால மாத்து ஆள் போட முடிஞ்சுது. முடியாதுன்னா ஏன்னு நோண்டறதில்ல, அடுத்த தடவை மூஞ்ச தூக்கி வச்சுக்கறதில்லன்னு இருக்கறதாலதான் தைரியமா சொல்றீங்கன்னு நெனக்கிறேன், சொல்லத் தயங்கறவங்கதான் ஒருநாள் சத்தமில்லாம குரூப்ப விட்டே போயிடறாங்க.

அடுத்து, புது ஆளுங்க பக்கத்துல உக்காந்து பழக்கிவிட்ட சீனியர்களுக்கு. சொன்னத மட்டும் எழுது, விடை தப்புன்னு தெரிஞ்சாலும் திருத்தாதன்னு சொல்றது சுலபம். கண்ண மூடிக்கிட்டு "ஏ பிளஸ் பி ஸ்கொயர்"னு சொல்லி எழுதவிட்டு, ஸ்கொயர் "பி"க்கு மட்டுமா மொத்தத்துக்குமான்னு திருப்பிக் கேக்கறாங்களான்னு பாத்தீங்க பாருங்க, அதுக்கப்புறம் அவங்க பயமில்லாம ஹாலுக்குள்ள போனாங்க. முதல் நாளே தனியா தவிக்கவிட்டா எவ்ளோ நல்ல மனசு இருந்தாலும் ரெண்டாவது தடவை வரமாட்டாங்க.

யாருக்கு எந்த வேலைன்னு லிஸ்ட் போட்ட அக்காவுக்கு தனியா சொல்லணும். வாலண்டியரா வர்றதுக்கு ஒருத்தருக்கு ஒரு காரணம். 1998ல கிளாரி, ஸ்னைடர்ங்கற உளவியல் ஆய்வாளர்களும் இன்னும் சிலரும் சேந்து ஒரு ஆய்வு போட்டாங்க, அதுல காரணங்கள ஆறு வகையா பிரிச்சிருப்பாங்க: மத்தவங்க மேல அக்கறை, புதுசா கத்துக்கறது, நட்பு வட்டம், வேலைக்கு உதவும்ங்கறது, மனசுல இருக்கற பாரத்த மறக்கறது, தன்னப் பத்தி நல்லா உணர்றது. வந்த காரணத்துக்கு ஏத்த மாதிரி ஏதாவது கிடைச்சா திருப்தியும் அதிகம், தொடர்ந்து செய்யணும்ங்கற எண்ணமும் அதிகம்னு சொல்றாங்க. அக்கா இதையெல்லாம் படிச்சு செய்யல. நாலு பேர் கூட பேசணும்னு வந்த ரிட்டயர்டு சார்கிட்ட ரூம்ல தனியா உக்காந்து ஆடியோ ரெக்கார்ட் பண்ற வேலைய குடுக்கல, கூச்ச சுபாவம் உள்ளவங்களுக்கு அதையே குடுத்தாங்க, அவ்ளோதான். ரெண்டு பேருமே இன்னும் வர்றாங்க. சர்டிபிகேட்டுக்காக வந்த காலேஜ் பசங்கள யாரும் எளக்காரமா பாக்கலங்கறதும் எனக்கு ரொம்ப பிடிச்சுது, வேல ஒழுங்கா நடந்தா போதாதா?

பஸ் காச கேக்காமலே கையில குடுத்த பொருளாளருக்கும் நன்றி. சேவைன்னா கைக்காசு போட்டுத்தான் வரணும்னு பேசறவங்க, வசதி இல்லாதவங்கள வாசல்லயே நிறுத்திடறாங்க.

விலகிப்போகும்போது காரணத்த மறைக்காம சொல்லிட்டுப் போனவங்களுக்கும் கடமைப்பட்டிருக்கோம். மீட்டிங் இழுக்குதுன்னு நீங்க சொன்னதாலதான் அது இப்போ சட்டுனு முடியுது, திரும்பி வர்றதா இருந்தா கதவு திறந்தே இருக்கு.

அடுத்த சீசன் லிஸ்ட் ரெடியாகுது. பிரேக் வேணும்னா இப்பவே அக்காகிட்ட சொல்லிடுங்க. கணக்கு, சயின்ஸ் பேப்பர் எழுத ஆள் கம்மியா இருக்கு, தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, முதல்ல சும்மா உக்காந்து பாத்துட்டு போகட்டும்.