மருத்துவர் செய்யும் மென்பொருளுக்கும் சோதனை தேவை

செயற்கை நுண்ணறிவின் துணையுடன் மருத்துவர்களே தங்களுக்கு வேண்டிய மென்பொருள்களை உருவாக்கிக்கொள்வது பற்றிய தங்கள் நாளிதழ்ச் செய்தியைப் படித்தேன். புறநோயாளி நெரிசலை நேரில் அறிந்தவர் செய்வது நல்லதுதான்; வெளியார் எழுதித் தரும் மென்பொருளில் பாதிப் பொத்தான்களை யாரும் தொடுவதே இல்லை. ஆனால், செய்தவரே சரிபார்த்தால் போதாது.

தண்டையார்பேட்டையில் உள்ள என் மருந்துக்கடைக்கு, 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 6 மி.லி. பாராசிட்டமால் சிரப் என்று கணினியில் அச்சிட்ட சீட்டு ஒன்று வந்தது. 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப் என்றால் அது சரியான அளவு, 250 மி.கி. சிரப் என்றால் இரு மடங்கு. எந்த சிரப் என்று சீட்டில் இல்லை. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுத்தான் கொடுத்தேன். அவரே செய்த செயலியாம்!

மருத்துவப் பயன்பாட்டுக்கான மென்பொருளும் 2020 ஏப்ரல் முதல் சட்டப்படி மருத்துவக் கருவியே. எனவே, ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் மருந்தாளுநர், செவிலியர், கணினி வல்லுநர் அடங்கிய சிறு குழுக்களை அமைத்து, இத்தகைய செயலிகளைப் புழக்கத்துக்கு வருமுன் சோதித்துத் தர மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

- மருந்தாளுநர் ஒருவர், தண்டையார்பேட்டை, சென்னை.